முயல் சொல்லும் சாட்சி

பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியின் ஐந்தடிப் பாதையில் யாரோ துப்பிப்போன வெற்றிலைச் சாறு. தோட்டத்து முனீஸ்வரர் கோவிலில் கோழி காவு கொடுத்தவரின் வேட்டியில் தெறித்த துளி. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவரின் கைக்குட்டையில் உறைந்த கறை. இந்த மூன்றையும் ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள். மூன்றும் பழுப்பு. எது மனிதனுடையது, எது கோழியுடையது, எது ரத்தமே இல்லை என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது.

வெற்றிலைச் சாற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆய்வகத்தில் பினால்ப்தலீனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் துளித்துளியாக விட்டால், ரத்தம் இருக்கும் இடம் சில நொடிகளில் இளஞ்சிவப்பாகிவிடும். சில காய்கறிச் சாறுகளும் இப்படிப் போக்குக் காட்டும் என்பதால் அடுத்த சோதனையும் உண்டு. 1853இல் டைக்மன் கண்டறிந்த முறைப்படி, உப்பும் அசிட்டிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் ரத்தக் கறையிலிருந்து பழுப்புப் படிகங்கள் பிறக்கும். படிகம் தெரிந்தால் ரத்தம்தான், ஐயமில்லை. ஆனால் கோழியின் படிகமும் மனிதனின் படிகமும் ஒன்றே.

ஏன் ஒன்று? இங்கேதான் படைப்பின் முதல் நுட்பம் இருக்கிறது. ரத்தத்துக்குச் சிவப்பைத் தருவது ஹீம் என்ற சிறு மூலக்கூறு. நடுவில் ஓர் இரும்பணு. அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டுதான் பிராணவாயு நுரையீரலிலிருந்து விரல்நுனி வரை பயணம் செய்கிறது. கிள்ளான் ஆற்று மீனுக்கும், பத்துமலைக் குரங்குக்கும், அந்தக் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டும் பக்தருக்கும் ஹீம் ஒன்றுதான். அணுவுக்கு அணு மாற்றமில்லை. உயிர் மூச்சைச் சுமக்கும் வேலையை எல்லாருக்கும் பொதுவாக வைத்த படைத்தவன், நிறத்தையும் பொதுவாகவே வைத்துவிட்டான். வேறுபாட்டை அவன் எழுதியது ஹீமைச் சுற்றியிருக்கும் புரதத்தில், குளோபினில்.

குளோபின் ஒரு சங்கிலி. பூக்கடையில் மல்லிகையும் செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் ஒரு வரிசையில் கோப்பதுபோல, இருபது வகை அமினோ அமிலங்கள் ஒரு வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன. மனிதனின் ஆல்ஃபா சங்கிலியில் 141, பீட்டா சங்கிலியில் 146. இவை இரண்டிரண்டாய்ச் சேர்ந்து ஒரு ஹீமோகுளோபின். ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் இப்படி ஏறத்தாழ 27 கோடி. அந்தச் சிவப்பணு 120 நாள் வாழ்ந்து ஓய்கிறது. ஓய்ந்ததற்கு ஈடாக நம் எலும்பு மஜ்ஜை நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் புதிதாய் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, நாம் தூங்கும்போதும். ஒவ்வொன்றிலும் அதே வரிசை. குதிரையின் ஆல்ஃபா சங்கிலி நம்முடையதிலிருந்து 18 இடங்களில் மாறுகிறது. ஆட்டுக்கு வேறு வரிசை, கோழிக்கு வேறு. கறை காய்ந்து செல் உடைந்து உருத்தெரியாமல் போனாலும் வரிசை அப்படியே கிடக்கும்.

செல் உடையாத புது ரத்தமென்றால் நுண்ணோக்கியே ஓரளவு சொல்லிவிடும். மனிதச் சிவப்பணு ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள வட்டத் தட்டு, உட்கரு கிடையாது. ஆட்டுக்கும் உட்கரு கிடையாது, ஆனால் அளவில் ஏறத்தாழப் பாதி. கோழிக்கு முட்டை வடிவம், நடுவில் உட்கரு. ஒட்டகம் தனி ரகம்: முட்டை வடிவம் உண்டு, உட்கரு இல்லை! காய்ந்த கறையில் இதெல்லாம் சுருங்கிச் சிதைந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் நீதிமன்றங்களில் நிபுணர்கள் சிதைந்த அணுக்களை அளந்து சண்டை போட்டார்கள். கழுத்துக்குக் கயிறு காத்திருக்கும் வழக்கில் அரை மைக்ரானை நம்பித் தீர்ப்பு எழுதுவது எப்படி?

விடை 1901இல் வந்தது. அந்த ஆண்டு நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பெரிய ஆண்டு. கோலாலம்பூரில் நோயியல் நிறுவனம் அப்போதுதான் வேலை தொடங்கியிருந்தது. இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அது. ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹம், இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. இந்த மூன்றோடும் சம்பந்தமே இல்லாமல், பிப்ரவரியில், ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் பால் ஊலன்ஹூத் என்பவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். இவை எங்கே சந்திக்கின்றன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஊலன்ஹூத் கையில் இருந்தது ஒரு முயல். முதலில் முட்டை வெள்ளைக்கருவை அதற்கு ஊசியில் ஏற்றினார். சில வாரம் கழித்து முயலின் ரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தை எடுத்து, கோழிமுட்டை வெள்ளைக்கரு கரைந்த நீரில் விட்டார். தெளிந்த நீர் கலங்கியது. பிறகு கோழி ரத்தம், பிறகு மனித ரத்தம் என்று போனார். மனித ரத்தம் ஏற்றிய முயலின் சீரம் மனித ரத்தக் கரைசலில் வெண்மையாய்த் திரிந்தது. ஆடு, மாடு, குதிரை, பன்றி ரத்தத்தில் திரியாமல் தெளிவாகவே நின்றது. பெல்ஜியத்தின் ஜூல் போர்டே 1899இலேயே இந்த வழியைத் தொட்டிருந்தார். ஆனால் உப்புநீரில் ஊறவைத்த ஒரு பழைய கறைத்துணி போதும் என்று காட்டியது ஊலன்ஹூத்.

அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் ரூகன் தீவில் இரண்டு சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். லூட்விக் டெஸ்னோ என்ற தச்சன் பிடிபட்டான். துணியிலிருந்த கறைகளைப் பற்றிக் கேட்டதற்கு மரச்சாயம் என்றான். மூன்று ஆண்டுக்கு முன் வேறோர் ஊரில் இரண்டு சிறுமிகள் கொலையில் சிக்கியபோதும் இதே பதிலைச் சொல்லித்தான் தப்பியிருந்தான். சில வாரம் முன்பு அதே தீவில் ஆடுகள் வெட்டிக் குதறப்பட்டிருந்தன. துணிகள் ஊலன்ஹூத்திடம் போயின. நூற்றுக்கு மேற்பட்ட கறைகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்துப் பார்த்தார். சில இடத்தில் மரச்சாயம் உண்மையாகவே இருந்தது. சில இடத்தில் ஆட்டு ரத்தம். சில இடத்தில் மனித ரத்தம். அவன் சொன்ன பொய்யில் கொஞ்சம் உண்மையும் கலந்திருந்தது, முயல் அதையும் பிரித்துக் காட்டிவிட்டது.

எனக்கு டெஸ்னோவைவிட அந்த முயல்தான் வியப்பு. மனிதனோடு அதற்கு என்ன பகை, என்ன உறவு? புல் மேய்ந்து வளைக்குள் உறங்கும் பிராணி. ஆனால் அதன் உடம்புக்குள், தான் ஒருபோதும் சந்திக்காத கோடானுகோடிப் பொருள்களை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. இத்தனைக்கும் தனித்தனி மரபணு வைத்தால் எந்த உயிரணுவிலும் இடம் போதாது. சில நூறு துண்டுகளைக் கலைத்துக் கலைத்துச் சேர்த்தே உடம்பு இந்த எண்ணிக்கையை எட்டுகிறது என்று ஜப்பானியரான சுசுமு தொனெகாவா எலிகளில் நிறுவினார். 1987இல் நோபல் பரிசு அதற்குத்தான். மனிதப் புரதம் உள்ளே வந்ததும், அதற்குப் பொருந்தும் எதிர்ப்பொருளை வைத்திருக்கும் செல்கள் மட்டும் விழித்துப் பெருகுகின்றன. மற்றவை உறங்குகின்றன. பள்ளிக்கூடம் போகாத ஒரு முயலிடம் இந்த ஞானத்தை வைத்தவனை நினைத்தால் கை தானாகக் கூப்புகிறது.

அந்த ஞானத்துக்குள் ஒரு விதிவிலக்கும் உண்டு. முயலிடம் முயல் ரத்தத்தைப் பற்றிக் கேட்டால் சொல்லாது. தன்னைத் தாக்காதே என்ற கட்டளையும் சேர்ந்தே கொடுக்கப்பட்டிருக்கிறது. முயல் ரத்தத்தை அறியக் கோழியைக் கேட்க வேண்டும்.

நெருங்கிய உறவுகளைப் பிரிப்பது இன்னும் கடினம். கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் நட்டால் உலகெங்குமிருந்து விலங்கு ரத்தம் வரவழைத்து 16,000 சோதனைகள் செய்து 1904இல் நூலாக வெளியிட்டார். மனிதனுக்கு எதிரான சீரம் மனிதக் குரங்குகளின் ரத்தத்திலும் நன்றாகத் திரிந்தது, மற்றக் குரங்குகளிடம் குறைவாக, தூரத்து விலங்குகளிடம் பெயருக்கு. திரிபின் அளவே உறவின் அளவாக இருந்தது. பிற்காலத்தில் புரத வரிசையைப் படித்தபோதும் அதே உறவு தெரிந்தது: சிம்பன்சியின் ஹீமோகுளோபின் நம்முடையதேதான், ஓரிடத்தில்கூட மாற்றமில்லை. கொரில்லாவுக்குச் சங்கிலிக்கு ஓரிடம் மாற்றம். அப்படியானால் குரங்கையும் மனிதனையும் எப்படிப் பிரிப்பது? ஊலன்ஹூத்தே 1905இல் வழி சொன்னார். மனித ரத்தத்தை முயலுக்கு ஏற்றாதீர்கள், குரங்குக்கு ஏற்றுங்கள். இருவருக்கும் பொதுவானதைக் குரங்கின் உடம்பு தன்னுடையதென்று விட்டுவிடும். மனிதனுக்கு மட்டுமே உரியதைத்தான் அந்நியமென்று பிடிக்கும். அயலானுக்குத் தெரியாத வேறுபாடு அண்ணன் தம்பிக்குத் தெரிவதில் அதிசயமென்ன என்று கேட்கலாம். ரத்தத்துக்கே அது தெரிவதுதான் அதிசயம்.

நம் முன்னோர் கடந்துவந்த கரையிலும் இந்தச் சோதனைக்கு ஒரு கதை உண்டு. இந்தியாவின் முதல் அரசு ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849இல் சென்னையில் அமைந்தது. கல்கத்தாவில் 1914இல் ஏகாதிபத்திய சீரவியலாளர் என்றொரு பதவியே உருவாக்கப்பட்டது. நாடெங்குமிருந்து கறைத்துணிகளும் அரிவாள்களும் அங்கே போயின. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஓயாத சந்தேகம்: பகையாளியை மாட்டிவிட இந்த மக்கள் கோழி ரத்தத்தைப் பூசிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்துவிடுவார்கள் என்று. அந்தச் சந்தேகத்தில் பாதி அனுபவம், பாதி இளக்காரம் என்பது என் கணிப்பு. ஆனால் சோதனைக்கு இளக்காரம் தெரியாது. ‘ஐயா, இது ஆட்டு ரத்தம்ங்க’ என்று நடுங்கிச் சொன்ன ஏழையின் வாக்கையும் அது அதே நேர்மையோடு உறுதிப்படுத்தியது. துரையின் ரத்தத்தையும் கூலியின் ரத்தத்தையும் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே வெண்கலங்கல்தான். அதற்குமேல் பிரிக்க அதற்குத் தெரியாது.

இன்று குழாயும் முயலும் பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டன. பெட்டாலிங் ஜெயா ஜாலான் சுல்தானில் இருக்கும் மலேசிய ரசாயனத் துறையின் ஆய்வகம்தான் நம் நாட்டுத் தடயவியலின் தலைமையிடம். அங்குள்ள ரசாயன நிபுணரின் அறிக்கையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 399ஆம் பிரிவு சாட்சியமாக ஏற்கிறது. 2009ஆம் ஆண்டின் டிஎன்ஏ அடையாளச் சட்டம் வந்த பிறகு, யாருடைய ரத்தம் என்பதே முதன்மைக் கேள்வி. ஆனாலும் மனிதனுடையதா என்று முதலில் விரைவாகத் தெரிந்துகொள்ள உலகெங்கும் தடயவியலார் வைத்திருப்பது ஒரு சிறு பட்டை. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆர்டிகே கருவியில் மூக்குச் சளி விட்டுச் சி கோட்டையும் டி கோட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோமே, அதே நுட்பம். கறையை ஊறவைத்த நீரில் சில துளி. தங்க நுண்துகள் ஏறிய எதிர்ப்பொருள்கள் மனித ஹீமோகுளோபினைத் தூக்கிக்கொண்டு ஊர்ந்துபோய் டி கோட்டில் சிக்கும். பத்து நிமிடம். இந்த எதிர்ப்பொருள் ஒரே வார்ப்பில் வந்தது. அதை ஆய்வகத்தில் வளர்க்கும் வழியைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்டார்கள்.

பட்டைக்கும் கர்வம் கொள்ள இடமில்லை. மனிதக் குரங்கின் ரத்தத்துக்கு அது கோடு காட்டும். அதில் வியப்பில்லை, ஹீமோகுளோபின் ஒன்றுதானே. ஆனால் ஃபெரட் என்ற கீரி போன்ற ஐரோப்பியப் பிராணியின் ரத்தத்துக்கும் கோடு காட்டுகிறது! குரங்கு எங்கே, ஃபெரட் எங்கே. எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் அந்தச் சின்ன இடம் இரண்டிலும் ஒன்றாக அமைந்துவிட்டது போலும். இன்னொரு வேடிக்கை: ரத்தம் மிக அதிகமாக இருந்தாலும் கோடு விழாது. மிதமிஞ்சிய ஹீமோகுளோபின் எல்லா எதிர்ப்பொருளையும் நிரப்பிவிட, கோட்டில் சிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. நிபுணர் கரைசலை நீர்த்து மறுபடி வைக்கிறார், கோடு எழுகிறது.

சந்தேகம் தீராவிட்டால் புரத வரிசையையே படித்துவிடலாம். டிரிப்சின், நம் குடலில் இறைச்சியைச் செரிக்கும் அதே நொதி, புரதச் சங்கிலியை லைசினும் அர்ஜினினும் வருமிடங்களில் மட்டும் வெட்டும். வெட்டிய துண்டுகளை நிறைமானியில் எடைபோட்டால் எந்த உயிரின் சங்கிலி என்று எடைகளே காட்டிக்கொடுக்கும். நம் நாட்டில் மலாய்க்காரரிடையே பரவலாக உள்ள ஹீமோகுளோபின் ஈ என்ற வகையில், பீட்டா சங்கிலியின் 26ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. நிறைமானிக்கு அந்த ஒன்றும் தப்பாது. முயலுக்கோ அந்த வகை உடையவரும் மனிதர், அவ்வளவே.

இனி 1901க்கு வருகிறேன். மால்கம் வாட்சன் கிள்ளானில் கண்டது மலேரியாவின் வெறியாட்டம். புதுத் துறைமுகம் திறந்த சில வாரங்களில் வேலையாட்கள் காய்ச்சலில் சுருண்டார்கள். அவர்களிலும், சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலும், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நம்மவர் எத்தனையோ பேர். கொசுவே காரணம் என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டு நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்துக் காட்டை அகற்றினார். காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. நிழல் சதுப்பில் பெருகிய உம்ப்ரோசஸ் என்ற அனாபிலிஸ் கொசு, நிழல் போனதும் போயிற்று. அதே வேலையை மலைப்பாங்கான தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது. அங்கே வெயில்பட்ட ஓடையை விரும்பும் மக்குலாட்டஸ் கொசு காத்திருந்தது. கொசுவுக்குக் கொசு இடம் வேறு, குணம் வேறு.

குணம் என்பதில் முதன்மையானது உணவு. எந்தக் கொசு மனிதனைக் கடிக்கிறது, எது மாட்டோடு நின்றுவிடுகிறது? கொசுவிடமே கேட்டுவிடலாம். 1923இல் அமெரிக்காவின் புல்லும் கிங்கும், ஊலன்ஹூத்தின் சோதனையைக் கொசுவின் வயிற்றில் செய்து பார்த்தார்கள். கொசு குடிப்பது இரண்டு மூன்று மில்லிகிராம் ரத்தம். வயிற்றை வடிதாளில் நசுக்கிக் காயவைத்தால் போதும், அந்தப் புள்ளியிலிருந்து யாருடைய ரத்தம் என்று தெரிந்துவிடும். செரிமானம் முந்திவிடக் கூடாது. இரண்டு நாள் போனால் புரதம் கரைந்து சாட்சி அழிந்துவிடும். 1955 முதல் உலக சுகாதார நிறுவனம் நாடுநாடாக இப்படிப்பட்ட புள்ளிகளைச் சேகரிக்கச் செய்தது. இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனத்தில் அவை சோதிக்கப்பட்டன. கொலையாளியைப் பிடித்த முயல், கொசுவுக்கும் சாட்சி சொல்லத் தொடங்கியது.

இந்த மண்ணில் அந்தக் கேள்வியைத் துருவியவர்களில் ஒருவர் ஏ. ஏ. சந்தோஷம். ஒட்டுண்ணியியல் பேராசிரியர், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் மலேரியாவை ஆராய்ந்தவர். ஜப்பானியர் மலாயாவை ஆண்டுகொண்டிருந்த 1944இல், அதுவரை உம்ப்ரோசஸ் என்றே எண்ணப்பட்டவற்றுள் வேறோர் இனம் ஒளிந்திருப்பதைப் பிரித்து, லெட்டிஃபர் என்று பெயரிட்டவர் அவர். அந்தக் கொசுவின் அறிவியல் பெயருக்குப் பின்னால் இன்றும் சந்தோஷம் என்ற பெயர் அச்சாகிறது. பிறகு 1963இல் அவரும் வார்ட்டன், ஐல்ஸ் முதலியோரும் வெளியிட்ட ஆய்வு பெரிய குழப்பம் ஒன்றைத் தீர்த்தது. உம்ப்ரோசஸ் குழுக் கொசுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியில் மலேரியாக் கிருமிகள் இருந்தன. நுண்ணோக்கியில் எல்லாக் கிருமியும் ஒன்றுபோலத்தான் தெரியும். பார்ப்பவர் மனித மலேரியா என்றே எழுதிவிடுவார். ஆனால் அவற்றில் பல மனிதனுடையவை அல்ல. சருகுமானின் மலேரியா அது. நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் சாங் கஞ்சில் கதையில் முதலையை ஏமாற்றி ஆற்றைக் கடக்குமே, அந்தச் சின்ன மான். பூனையளவு உடம்பு. அதற்கென்று ஒரு கிருமி, அந்தக் கிருமியைச் சுமக்க ஒரு கொசு என்று நிழற்காட்டுக்குள் ஒரு தனி ஏற்பாடு, யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

கிள்ளானுக்கு வடக்கே ரந்தாவ் பாஞ்சாங் பகுதியில் இன்னொன்று. நீப்பா பனைமட்டையின் அடியில் தேங்கும் கைப்பிடி நீரில் ஹாக்கரி என்ற கொசு பிறக்கிறது. 1961இல் வார்ட்டனும் ஐல்சும் அதன் உடலில் குரங்கு மலேரியாவான நோலெசியைக் கண்டார்கள். ஹாக்கரி குரங்கைத்தான் தேடிப் போகும், மனிதனை அநேகமாகத் தீண்டாது. அதனால் இந்த மலேரியா குரங்கோடு நின்றுவிடும் என்றே தோன்றியது. 1965இல் பகாங் காட்டில் வேலைபார்த்துத் திரும்பிய ஓர் அமெரிக்க அளவையாளருக்கு நோலெசி வந்தபோதும், அரிய விபத்து என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

இன்று மலேசியாவில் உள்ளூரில் தொற்றும் மனித மலேரியா 2018 முதல் இல்லை. வாட்சன் கிள்ளானில் தொடங்கிய வேலை அந்த வகையில் முடிந்துவிட்டது. நோலெசி முடியவில்லை, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது, சிலரைக் கொல்கிறது. ஊலன்ஹூத்தின் சோதனை பிரித்தறியும் மனித ரத்தத்தையும் குரங்கு ரத்தத்தையும் அந்தக் கிருமி பிரிப்பதில்லை. குரங்கின் சிவப்பணுவுக்குள் நுழைய அது பயன்படுத்தும் டஃபி என்ற புரதம் மனிதனின் சிவப்பணுவிலும் இருக்கிறது. காட்டோரத்தில் கொசு பிடிக்கும் ஆய்வாளர்கள் இப்போது வயிற்று ரத்தத்தை டிஎன்ஏ கொண்டு படிக்கிறார்கள். ஒரே கொசுவின் ஒரே வயிற்றில் மனித ரத்தமும் குரங்கு ரத்தமும் கலந்திருக்கிறதா என்பதே அவர்கள் முதலில் தேடுவது.